வேள்விச்சாலையாகும் பணியிடம்

இந்திரப்பிரஸ்தத்தில் தர்மபுத்திரர் ராஜசூய வேள்வி நடத்தத் தீர்மானித்தார். பாரதத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரவிருந்த மன்னர்களையும் முனிவர்களையும் மக்களையும் வரவேற்று உபசரிப்பது சாமானியமான காரியம் அல்ல. எனவே அவர் உறவினர் அனைவரையும் அழைத்து ஆளுக்கொரு பொறுப்பைப் பகிர்ந்தளித்தார். உணவுப் பொறுப்பு துச்சாதனனுக்கு. அந்தணர்களை உபசரிக்கும் பணி அசுவத்தாமனுக்கு. மன்னர்களுக்குரிய மரியாதைகளைச் செய்யும் பணி சஞ்சயனுக்கு. பொன்னையும் மணிகளையும் காத்துத் தட்சிணை வழங்குவது கிருபருக்கு. செலவினங்களைக் கவனிப்பது விதுரருக்கு. செய்து முடிக்கப்பட்டது எது, விடுபட்டது எது என்று மேற்பார்வையிடும் பொறுப்பைப் பீஷ்மரும் துரோணரும் ஏற்றனர். மன்னர்கள் கொண்டுவரும் காணிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும் கௌரவமான இடம் துரியோதனனுக்குத் தரப்பட்டது. ஸ்ரீகிருஷ்ணரோ, யாரும் சொல்லாமலேயே, தாமாக விரும்பி ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டார். வேள்விக்கு வந்த அந்தணர்களின் கால்களைக் கழுவும் வேலை அது.

வேள்வி சிறப்பாக நிறைவேறியது. எல்லோரும் மகிழ்ச்சியோடு விடைபெற்றனர். ஆனால் துரியோதனன் அஸ்தினாபுரம் திரும்பியபோது முகம் வெளிறி, உடல் மெலிந்து காணப்பட்டான். காரணம் கேட்ட தந்தையிடம் அவன் தன் வேதனையைக் கொட்டினான். வந்து குவிந்த செல்வத்தை வாங்கி வாங்கித் தன் கைகள் சோர்ந்துபோனதையும், தான் களைத்து நின்ற வேளையில் காணிக்கை கொணர்ந்தோர் காத்து நின்றதையும் அவனால் மறக்க முடியவில்லை. அந்தப் பொறாமையே சூதாட்டமாகி, வனவாசமாகி, இறுதியில் குருக்ஷேத்திரமாக முடிந்தது.

ஒரே மண்டபம், ஒரே நாட்கள், ஒரே வேள்வி. உயர்ந்த இருக்கை பெற்றவன் நோயாளியாகத் திரும்பினான். கீழான வேலை என்று உலகம் கருதியதைச் செய்தவர் ஆனந்தமாகவே இருந்தார். மனிதர்களை ஓரிடத்தில் கூட்டி, பணியைப் பங்கிட்டுக் கொடுப்பதாலேயே ஒற்றுமை பிறந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. துரியோதனன் வேள்வியில் பணி செய்தான். ஆனால் அந்த வேள்வியைத் தனதென்று ஒருகணமும் எண்ணவில்லை. அவன் கைகள் காணிக்கையை வாங்கின. மனமோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதவி என்னும் உபாதி

இன்று நம் பெருநகரங்களில் வேலைக்குச் செல்லும் ஒருவர், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிக்கிறார். பயண நேரத்தையும் சேர்த்தால், குடும்பத்தாருடன் இருப்பதைவிட உடன் பணிபுரிவோருடன் இருக்கும் நேரமே அதிகம். ஆயினும் பத்தாண்டுகள் அடுத்தடுத்த மேஜைகளில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு, மற்றவரின் வீட்டில் தாய் நோயுற்றுப் படுத்திருப்பது தெரியாமல் இருப்பதுண்டு. 2020-ல் பெருந்தொற்று பரவியபோது பலர் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கினர். சகஊழியரின் முகம் கணினித் திரையில் ஒரு சிறு சதுரமாகச் சுருங்கியது. அலுவலகம் நிறைந்திருந்தும் மனிதன் தனித்திருக்கிறான்.

நிர்வாகங்கள் இந்தக் குறையை உணர்ந்தே இருக்கின்றன. ஆகவேதான் குழு விளையாட்டுகள், சுற்றுலாக்கள், பண்டிகைக் கொண்டாட்டங்கள் முதலியவற்றை ஏற்பாடு செய்கின்றன. ரத்த தானம், மரம் நடுதல், அரசுப் பள்ளியில் பாடம் கற்பித்தல், முதியோர் இல்லங்களுக்குச் செல்லுதல் போன்ற தன்னார்வத் தொண்டுகளில் ஊழியர்களை ஈடுபடுத்துகின்றன. 2009-ல் தொடங்கி, காந்தி ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் கொண்டாடப்படும் ‘தான் உத்சவ்’ வாரத்தில் எத்தனையோ அலுவலகங்கள் பங்கேற்கின்றன. இவை யாவும் நல்ல முயற்சிகளே. ஆனால் இவற்றால் பணியிடத்தின் உள்ளம் மாறுகிறதா, அல்லது நாட்காட்டியில் ஒருநாள் மட்டும் நிரம்புகிறதா என்பதே கேள்வி.

வேதாந்தம் ‘உபாதி’ என்றொரு சொல்லைக் கையாள்கிறது. குடத்தினுள் இருக்கும் வெளியும் வீட்டினுள் இருக்கும் வெளியும் உண்மையில் ஒரே வெளிதான். குடமும் சுவரும் அதைப் பிரித்துக் காட்டுகின்றன. அதுபோல் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டும் உபாதிகளில் ஒன்று பதவி. மேலாளர், எழுத்தர், ஓட்டுநர், காவலர் என்ற பெயர்கள் வேலையை ஒழுங்காக நடத்துவதற்காக ஏற்பட்டவை. நாளடைவில் அந்தப் பெயரே மனிதன் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மார்போடு ஒட்டிக்கொள்கிறது.

விளையாட்டு இந்த உபாதியைச் சற்று நேரம் கழற்றி வைக்கிறது. பந்துக்கு மேலாளர் யார், எழுத்தர் யார் என்று தெரியாது. அதுவே விளையாட்டின் பயன். ஆனால் மேலாளர் மட்டை பிடிக்கும்போது மட்டும் பந்து மெதுவாக வீசப்படுமானால், பதவி மைதானத்திற்கும் வந்துவிட்டது என்று பொருள். தோற்ற அணியைப் பற்றிய கேலி மறுநாள் அலுவலகத்தில் தொடருமானால், சேர்ப்பதற்காக வைத்த ஆட்டம் பிரிப்பதற்கே பயன்பட்டது.

தொண்டு இதைவிட ஆழமாகச் செல்கிறது. விளையாட்டில் எதிரணி என்று ஒன்று உண்டு. தொண்டில் அது இல்லை. ஒரு கிராமப் பள்ளியின் மின்விளக்குகளைச் சரிசெய்யச் செல்லும் குழுவில், அன்று தலைவர் யார்? மின்கம்பிகளை அறிந்த தொழிலாளியே தலைவர். பொது மேலாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தத் தொழிலாளி வேலையைச் செய்து முடிக்கும் நேர்த்தியை, பல ஆண்டுகள் ஒரே வாயில் வழியாகச் சென்று வந்தும் கவனிக்காதவர், அன்றுதான் முதன்முறையாகக் கவனிக்கிறார். மரியாதை அங்கே பிறக்கிறது. மரியாதை பிறந்த இடத்தில்தான் நட்பு வளரும்.

நளன் ஏன் பேசாதிருந்தான்?

ராமாயணத்தில் சேது கட்டிய நிகழ்ச்சியை எல்லோரும் அறிவர். அதில் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கடலைக் கடக்கும் வழி தெரியாமல் ராமபிரான் கரையில் மூன்று நாட்கள் தவமிருந்தார். பாலம் கட்டவல்ல நளன் அப்போது அந்தச் சேனையிலேயேதான் இருந்தான். விசுவகர்மாவின் மகனான அவனுடைய திறமையைச் சமுத்திரராஜன் எடுத்துச் சொன்ன பிறகே ராமர் அறிந்தார். பின்னர் நளன் அதை ஒப்புக்கொண்டான். கேட்கப்படாமல் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வது முறையல்ல என்று அதுவரை அவன் மௌனமாக இருந்திருந்தான்.

ஒவ்வொரு பணியிடத்திலும் இத்தகைய நளன்கள் இருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் ஒரு மூலையில் அமர்ந்திருப்பவர் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் வல்லவராக இருக்கலாம். அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் அம்மையார் செடிகொடிகளின் இயல்பை அறிந்தவராக இருக்கலாம். அன்றாட அலுவல்களில் இவை வெளிப்பட வாய்ப்பில்லை. வேலைக்கு எடுக்கும்போது நிறுவனம் கேட்ட கேள்விகளில் இவை இடம்பெற்றிருக்கவும் மாட்டா. குழுவாகத் தொண்டு செய்யும்போது வெளிவருகின்றன. ஆனால் யாரேனும் கேட்க வேண்டும். கேட்பது தலைமையின் கடமை.

சேதுவைப் பற்றி இன்னொரு செய்தி. வழக்கிலுள்ள வால்மீகி ராமாயணப் பாடத்தின்படி, வானரர்கள் முதல் நாளில் 14 யோசனை தூரம் கட்டினர். இரண்டாம் நாள் 20. மூன்றாம் நாள் 21. நான்காம் நாள் 22. ஐந்தாம் நாள் 23. ஆக மொத்தம் 100 யோசனை. வழக்கமாக உழைப்பு நீள நீளக் களைப்பு கூடும், வேலை குறையும். இங்கோ நாளுக்கு நாள் வேலை கூடியது. பாறை சுமந்தவரும், மரங்களைப் பெயர்த்தவரும், அளவு பிசகாமல் நூல் பிடித்தவரும் அவரவர் பணியைச் செய்தனர். அனைவருக்கும் நோக்கம் ஒன்றே. அந்த நோக்கம் அவர்களில் எவருடைய சொந்த லாபமும் அல்ல. உழைப்பு களைப்பைத் தருகிறதா ஊக்கத்தைத் தருகிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த நோக்கமே.

வால்மீகி சொல்லாத அணிலையும் பக்த உலகம் சேதுவில் சேர்த்துக்கொண்டது. தொண்டரடிப்பொடியாழ்வார் அதைப் போற்றிப் பாடினார். மணலில் புரண்டு உதறிய அணிலின் பங்கு எத்தனை யோசனை என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. நல்ல குழு என்பது அணிலைக் கேலி செய்யாத குழு.

துடைப்பத்தை எடுத்தவர்

1901-ம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றிருந்த 32 வயது காந்தி அதற்கு வந்திருந்தார். அங்கே அவர் கண்ட காட்சிகளைத் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தொண்டர்கள் ஏராளம். ஆனால் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அதை இன்னொருவரிடம் ஒப்படைப்பார். அவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். கடைசியில் வேலை நடக்காது. கழிப்பிடங்கள் நாற்றமெடுத்தன. அதைச் சுட்டிக்காட்டியபோது, அது தங்கள் வேலையல்ல, தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் கூறிவிட்டனர். காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார்.

பிறகு அவர் காங்கிரஸ் அலுவலகத்திற்குச் சென்று, செயலாளர்களில் ஒருவரான கோஷாலிடம் ஏதேனும் வேலை கொடுக்குமாறு வேண்டினார். குவிந்து கிடந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் எழுத்தர் பணி அவருக்குக் கிடைத்தது. மகிழ்ச்சியோடு செய்தார். வந்திருப்பவர் யார் என்பதை அறிந்த பிறகு கோஷால் சங்கடப்பட்டார். காங்கிரஸ் பணியிலேயே தலை நரைத்த பெரியவரின் முன் தாம் இளையவர் என்று காந்தி அவரைச் சமாதானப்படுத்தினார். அவருடைய சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிடும் பணியையும் விருப்பத்தோடு ஏற்றார். இதனால் பயனடைந்தவர் யார்? தமக்கே அளவற்ற நன்மை கிடைத்தது என்கிறார் காந்தி. காங்கிரஸ் எப்படி இயங்குகிறது என்பதையும், நேரமும் ஆற்றலும் எங்கே வீணாகின்றன என்பதையும் சில நாட்களிலேயே அவர் கண்டுகொண்டார்.

‘இது என் வேலையல்ல’ என்ற நான்கு சீர் இல்லாத சிறு வாக்கியம் எத்தனையோ பணியிடங்களை நோயுறச் செய்திருக்கிறது. அதற்கு மருந்து சுற்றறிக்கையில் இல்லை. மேலே இருப்பவர் ஒருவர் துடைப்பத்தை எடுப்பதில் இருக்கிறது. அவர் அதைப் படம் பிடிப்பதற்காக எடுத்தால் மற்றவர்கள் படத்தில் நிற்கவே கற்றுக்கொள்வார்கள். அழுக்கு போக வேண்டும் என்பதற்காக எடுத்தால் மற்றவர்களும் துடைப்பத்தைத் தேடுவார்கள்.

ஒரே வரிசை

நம் நாட்டில் இந்தப் பண்பு நூல்களில் மட்டும் இருக்கவில்லை. வாழ்க்கை முறையாகவே சில இடங்களில் வளர்ந்திருக்கிறது. சீக்கியர்களின் மூன்றாம் குருவான குரு அமர்தாஸ், தம்மைத் தரிசிக்க வருவோர் முதலில் எல்லோருடனும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உணவருந்த வேண்டும் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே அமர்ந்து உண்டார் என்பது சீக்கிய மரபு. இன்றும் அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் அந்த வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். ரொட்டி இடுபவர், பாத்திரம் துலக்குபவர், வாயிலில் பக்தர்களின் காலணிகளை வாங்கிப் பாதுகாப்பவர் ஆகியோரில் செல்வரும் உண்டு, உயர் அதிகாரிகளும் உண்டு. வெளியே அவர்கள் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

மும்பையின் டப்பாவாலாக்கள் மற்றோர் எடுத்துக்காட்டு. 1890-ல் தொடங்கிய இந்தப் பணியில், பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் ஈடுபட்டு, நாள்தோறும் ஏறக்குறைய 2 லட்சம் உணவுப் பெட்டிகளை வீடுகளிலிருந்து அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். பெட்டியின் மீது எழுதப்பட்ட சில எழுத்துகளும் வண்ணக் குறிகளுமே அவர்களுக்கு முகவரி. அவர்களுடைய நேர்த்தியை ஆராய மேலாண்மைப் பேராசிரியர்கள் வந்தனர். ஆனால் அந்த நேர்த்தியின் வேர் எங்கே இருக்கிறது? அவர்களில் பெரும்பாலோர் பண்டரிபுரத்து விட்டலனை வழிபடும் வார்க்கரி மரபினர். பசித்தவருக்கு வேளையில் உணவு சேர்ப்பது அவர்களுக்கு வழிபாடு. சிறுசிறு குழுக்களாக இயங்கும் அவர்கள், குழுவின் வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். ஒருவர் வராத நாளில் அவருடைய பெட்டிகளை மற்றவர்கள் சுமக்கிறார்கள். 2015-ல் அவர்கள் ‘ரொட்டி வங்கி’ என்ற பணியையும் தொடங்கினர். திருமணங்களிலும் விருந்துகளிலும் மிஞ்சும் நல்ல உணவைச் சேகரித்துப் பசித்தோருக்கு வழங்கும் தொண்டு அது. நாள் முழுதும் உணவு சுமந்தவர்கள் மாலையில் மீண்டும் உணவு சுமக்க முன்வந்தார்கள். பணியும் தொண்டும் அங்கே இரண்டாக இல்லை.

மூவகைத் தொண்டு

பகவத்கீதையின் 17-ம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாக வகுக்கிறார். கொடுப்பது கடமை என்ற உணர்வோடு, கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுதி அறிந்து கொடுப்பது சாத்துவிகம். பிரதிபலனை எதிர்பார்த்தோ, மனவருத்தத்தோடோ கொடுப்பது ராஜசம். இடமும் காலமும் பாராமல், மதிப்பின்றி, அலட்சியமாகக் கொடுப்பது தாமசம். பொருளைக் கொடுப்பதற்கு மட்டுமல்ல, நேரத்தையும் உழைப்பையும் கொடுப்பதற்கும் இந்தப் பாகுபாடு பொருந்தும்.

ஒரு பள்ளிக்குத் தேவை கணித ஆசிரியர். ஆனால் வருகிற ஒவ்வொரு குழுவும் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போகிறது. ஓர் இல்லத்துக் குழந்தைகள் தேர்வுக்குப் படிக்கும் நாளில் திடீரென்று ஐம்பது பேர் இனிப்புகளோடு வந்து இறங்குகிறார்கள்; குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பெறுபவரின் மதிப்பைக் குலைக்கும் இத்தகைய தொண்டு தாமசமானது. ஆண்டறிக்கையில் இடம்பெறுவதற்காகவோ, பதவி உயர்வுக்கு உதவும் என்பதற்காகவோ, மேலதிகாரி கோபிப்பாரே என்ற அச்சத்தாலோ செய்வது ராஜசமானது. உதவி தேவைப்படுவோரிடம் முதலில் சென்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தவறாமல் செய்து, நன்றியையும் எதிர்பாராமல் திரும்புவது சாத்துவிகமானது. இந்த மூன்றாவதற்கே மனிதரின் மனத்தை மாற்றும் வலிமை உண்டு.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இயைந்த ஒரு நுட்பம் அமைந்திருக்கிறது. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இந்தப் பணிகளில் ஊழியர்களை ஈடுபடுத்துவது ஊக்குவிக்கத்தக்கது என்கின்றன மத்திய அமைச்சகம் வெளியிட்ட விளக்கங்கள். ஆனால் ஊழியர்கள் இலவசமாக அளிக்கும் சேவைக்குப் பணமதிப்புப் போட்டு அதை அந்தச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலாது என்றும் அவை கூறுகின்றன. கணக்காளருக்கு இது ஒரு விதி. சாதகருக்கு இது ஓர் உபதேசம். மனம் உவந்து கொடுத்த ஒரு மணி நேரத்தை ரூபாயாக மாற்ற முடியாது. மாற்ற முயன்றால் அது மீண்டும் கூலியாகிவிடும்.

நீதி முதலில், தொண்டு பிறகு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொண்டு, நீதிக்கு மாற்றாகாது. உரிய ஊதியத்தைக் காலத்தில் தராமல், அளவுக்கு மீறி வேலை வாங்கி, பெண் ஊழியரின் கண்ணியத்தைக் காக்கத் தவறிவிட்டு, சனிக்கிழமைதோறும் மரம் நடச் சொல்லும் நிறுவனத்தில் மரம் வேண்டுமானால் வளரலாம், நம்பிக்கை வளராது. தன் வாயிற்காவலரின் பெயரை அறியாதவர், தொலைவில் உள்ள கிராமத்திற்குச் சென்று செய்யும் சேவை முழுமையானதாகாது.

ஜாம்ஷெட்பூரின் வரலாறு இதில் கவனிக்கத்தக்கது. 1907-ல் நிறுவப்பட்ட டாடா உருக்கு நிறுவனம் 1912-லேயே எட்டு மணி நேர வேலையை நடைமுறைப்படுத்தியது. ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் 1920-ல் அளித்தது. இவற்றுக்கான சட்டங்கள் நாடெங்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகே வந்தன. வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. அங்கும் பூசல்கள் இல்லாமல் இல்லை. 1928-ல் நீண்டதொரு வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளரின் குரலுக்குச் செவிசாய்ப்பதும் நீதியின் ஒரு பகுதி என்பதை அந்த வரலாறு கற்பித்தது. அந்தக் குழுமம் 2014-ல் ‘டாடா என்கேஜ்’ என்ற பெயரில் ஊழியர் தொண்டை ஒழுங்குபடுத்தியது. அதில் ஒரு திட்டத்தின்படி ஊழியர்கள் வார இறுதிகளில் சில மாத காலம், தங்கள் தொழில்திறனையே ஒரு தொண்டு நிறுவனத்திற்கு அளிக்கிறார்கள். கணக்கர் கணக்கைச் சீர்செய்கிறார். கணினி அறிந்தவர் பதிவேடுகளைச் சீர்செய்கிறார். ஒருநாள் விழாவாக முடிந்துவிடாமல் தொடர்வதே இதன் சிறப்பு.

தொண்டில் கட்டாயம் கலக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொண்டுக்கு வராதவர் தன்னலக்காரர் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. அவர் வீட்டில் படுக்கையில் இருக்கும் தந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கலாம். அதுவும் தொண்டுதான், அதற்குச் சீருடையும் பதாகையும் இல்லை, அவ்வளவே. கூடுமானவரை தொண்டுக்கான நேரத்தை அலுவல் நேரத்திலிருந்தே ஒதுக்குவது நிர்வாகத்தின் தியாகத்தைக் காட்டும். ஊழியரின் ஓய்வை எடுத்துத் தன் பெயரில் தானம் செய்வது நிறுவனத்திற்கு அழகல்ல.

தொண்டு முடிந்த மறுநாள்

எனவே, பணியிடத்தின் பண்பாட்டை உயர்த்த விரும்பும் தலைவர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். ஆண்டுக்கொருமுறை ஆயிரம் பேரைத் திரட்டுவதைவிட, மாதந்தோறும் பத்துப் பேர் ஒரே இடத்திற்குச் செல்வது நல்லது. குழுவில் பல பிரிவினரும், பல நிலையினரும் கலந்திருக்க வேண்டும். தலைவர் மிக எளிய வேலையைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெறுபவரின் அனுமதியின்றி அவரைப் படம் எடுக்கக் கூடாது. பணி முடிந்த பிறகு எல்லோரும் சற்று நேரம் வட்டமாக அமர்ந்து, அன்று எதைக் கொடுத்தோம் என்பதைப் பேசாமல், எதைக் கற்றோம் என்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு நிமிட மௌனம் இருந்தால், அவரவர் நம்பிக்கைக்கேற்ப அது பிரார்த்தனையாக அமையும்.

உண்மையான சோதனை திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியிடம் அரைமணி நேரம் பொறுமையாகப் பேசியவர், அலுவலகச் சாளரத்திற்கு வந்து ஓய்வூதியம் பற்றிக் கேட்கும் முதியவரிடம் எரிந்துவிழுந்தால், முந்தைய நாள் செய்தது நடிப்பாகிவிடும். அங்கே பாட்டியிடம் கண்ட இறைவன் இங்கே வரிசையில் நிற்கிறார். அவரை அடையாளம் கண்டுகொள்வதற்கான பயிற்சியே அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு. கோயிலில் சில நிமிடங்கள் மனத்தை ஒருமுகப்படுத்துவது நாள் முழுதும் இறைநினைவோடு இருப்பதற்காக. அதுபோல், சில மணி நேரம் கூலி எதிர்பாராமல் உழைப்பது, கூலிக்காகச் செய்யும் வேலையிலும் வேள்வி மனப்பான்மை படிவதற்காக.

பாரதத்தில் தர்மபுத்திரர் நடத்திய மற்றொரு வேள்வியும் பேசப்படுகிறது. போருக்குப் பின் நடந்த அசுவமேதம் அது. பெருந்தானங்கள் வழங்கப்பட்டு எல்லோரும் புகழ்ந்த வேளையில், பாதி உடல் பொன்னாக இருந்த ஒரு கீரி அங்கே வந்தது. குருக்ஷேத்திரத்தில், சிந்திக் கிடந்த தானியமணிகளைப் பொறுக்கி வாழ்ந்த ஓர் ஏழை அந்தணரின் குடும்பத்தைப் பற்றி அது கூறியது. பஞ்ச காலத்தில் அரும்பாடுபட்டுச் சேர்த்த சிறிதளவு மாவை அவரும் மனைவியும் மகனும் மருமகளும் பகிர்ந்து உண்ண அமர்ந்தபோது ஒரு விருந்தினர் வந்தார். ஒருவர் பங்கு போதாமல், ஒருவர்பின் ஒருவராக நால்வரும் தங்கள் பங்கை மகிழ்ச்சியோடு கொடுத்தனர். அங்கே சிந்திய மாவில் புரண்ட கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதியும் பொன்னாக வேண்டும் என்று அது எத்தனையோ வேள்விச்சாலைகளில் புரண்டு பார்த்தது, பலிக்கவில்லை. பேரரசரின் அசுவமேதத்திலும் பலிக்கவில்லை.

அந்தக் குடிசையில் கொடுத்தவர் ஒருவர் அல்லர், நால்வர். ஒருவர் மற்றவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் கொடுத்ததைக் கண்டு மற்றவர் பொறாமை கொள்ளவும் இல்லை. ஒருவரின் தியாகம் அடுத்தவரின் தியாகத்தை எழுப்பியது. ஒரு பணியிடம் அடைய வேண்டிய நிலையும் அதுவே. ஒருவர் சுமையை மற்றவர் கேட்காமலே தாங்கும் இடத்தில், மேலிருப்பவர் முதலில் குனியும் இடத்தில், கொடுத்ததன் கணக்கை எவரும் வைத்துக்கொள்ளாத இடத்தில், கோப்புகளும் இயந்திரங்களும் வேள்விப் பொருட்களாகின்றன. அத்தகைய அலுவலகம் எங்கிருந்தாலும் அதன் தரையில் அந்தக் கீரி நம்பிக்கையோடு புரளலாம்.